இருபதுக்குள் தண்ணீர் இருந்ததா?

அணு உலையின் அழுத்தக் கலனை வடிவமைக்கும் விதிநூலில் 20 என்று ஒரு எண் இருக்கிறது. எஃகுத் துண்டை எத்தனை முறை இழுத்து அமுக்கினால் விரிசல் விடுகிறது என்று ஆய்வகத்தில் எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை 20ஆல் வகுத்து, இதற்கு மேல் போகாதே என்று கோடு கிழிப்பார்கள். தகைவை 2ஆல் வகுத்தும் பார்ப்பார்கள். இரண்டில் எது கறாரோ அதுதான் கோடு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிநூலில், அணு உலைகளுக்கான மூன்றாம் பிரிவு 1963ல் வந்தது. அந்தத் தலைமுறையிலிருந்தே இந்த 20ம் கூடவே வருகிறது.

இருபது மடங்கு என்றால் கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. 'அவ்வளவு மார்ஜின் இருக்கு சார், தண்ணி கிண்ணி எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்' என்ற தொனியில்தான் பெரும்பாலும் பேச்சு போகும். இந்தக் குறிப்பு அந்தப் பேச்சைப் பற்றியது. அதைத் திருத்த வந்த ஓர் அறிக்கையைப் பற்றியதும்கூட. நூரெக்/சிஆர்-6909 என்பது அதன் எண். ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் சோப்ரா, ஷாக் இருவரும் எழுதி, அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2007ல் வெளியிட்டது; 2018ல் திருத்தப் பதிப்பு வந்தது. அரிப்புக் களைப்பு பற்றி எதைப் படிக்க ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறோம். நான் பல முறை திரும்பப் படித்த அறிக்கை இது. இதில் பாராட்ட நிறைய இருக்கிறது, சண்டை போடவும் இருக்கிறது.

முதலில் அந்த 20ஐப் பிரித்துப் பார்ப்போம். அது மூன்று எண்களின் பெருக்கல். ஒரே மாதிரித் துண்டுகள்கூட ஒரே மாதிரி உடைவதில்லை. அந்தச் சிதறலுக்கு 2. விரல் கனத் துண்டுக்கும் உண்மையான கலனுக்கும் உள்ள அளவு வித்தியாசத்துக்கு 2.5. மேற்பரப்பின் வழவழப்பு, சூழல் முதலானவற்றுக்கு 4. பெருக்கினால் 20. இதில் 'சூழல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், தண்ணீரும் அதற்குள் இருக்கிறது என்று பல வருடம் வாதிட்டார்கள். ஆனால் விதியை உருவாக்கியவர்களில் ஒருவரான கூப்பர் 1992ல் அதன் பொருளை விளக்கிவிட்டார். குளிரூட்டப்பட்ட ஆய்வக அறையின் காற்றுக்கும் தொழிற்சாலைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. உலைக்குள் ஓடும் நீர் கணக்கிலேயே இல்லை. விதிநூலும் ஒளித்து வைக்கவில்லை. இந்தக் கோடுகளுக்கான சோதனைகள் அரிக்கும் சூழலில் செய்யப்பட்டவை அல்ல என்று சொல்லிவிட்டு, அதைக் கவனிக்கும் பொறுப்பை உரிமையாளரின் வடிவமைப்புக் குறிப்புக்குத் தள்ளிவிடுகிறது.

இன்னொன்று. இந்த 20 பாதுகாப்புக்காகக் கூடுதலாக வைத்ததே அல்ல. ஆய்வகத் துண்டின் ஆயுளை உண்மையான பாகத்தின் ஆயுளாக மாற்றும் காரணி அது. நம் ஊரில் தங்கம் வாங்கும்போது சேதாரம் கழிப்பதைப் போல. சேதாரத்தை லாபம் என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடந்தது.

சரி, தண்ணீர் என்னதான் செய்கிறது? அழுத்தக் கலன் செய்யப்படுவது மாங்கனீசு, நிக்கல், மாலிப்டினம் கொஞ்சமாகக் கலந்த எஃகில். ஸ்டெயின்லெஸ் அல்ல, துருப்பிடிக்கும் எஃகு. சூடான நீரில் அதன் மேல் மேக்னடைட் என்ற கறுப்புப் படலம் தானாகப் படிகிறது. படலம் இருக்கும்வரை அடியிலுள்ள உலோகம் பத்திரம். எஃகு இழுபடும்போது படலம் கிழிகிறது, வெற்று உலோகம் நீரைத் தொடுகிறது, கொஞ்சம் கரைகிறது, மறுபடி படலம் மூடிக்கொள்கிறது. அடுத்த இழுப்பில் மறுபடி கிழிகிறது. படக்கென்று இழுத்தால் கரைய நேரமில்லை. மெதுவாக, மணிக்கணக்கில் இழுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் நீருக்கு நிறைய அவகாசம். உலையைச் சூடேற்றுவதும் குளிர்விப்பதும் அப்படி மெதுவான இழுப்புதான். காற்றில் நடக்கும் களைப்புச் சோதனையில் வேகம் பெரிய விஷயமே இல்லை. நீரில் அதுதான் விஷயம்.

எஃகுக்குள் கந்தகம் இருக்கிறது. பழைய எஃகில் அதிகம், புதியதில் குறைவு. அது மாங்கனீசு சல்ஃபைடாக, உருட்டிய திசையில் நீண்ட இழைகளாகக் கிடக்கும். விரிசல் ஓர் இழையை வெட்டும்போது அது கரைந்து, விரிசலுக்குள் தேங்கிய அந்தத் துளி நீரைக் கெடுக்கிறது. கெட்ட நீரில் படலம் சீக்கிரம் மூடாது. வெளியே நீரில் ஆக்சிஜன் இருந்தால் இன்னும் மோசம். விரிசலின் வாயில் ஆக்சிஜன் உண்டு, முனையில் கிடையாது. அந்த மின்னழுத்த வித்தியாசம் சல்ஃபைடு அயனிகளை முனைக்கே இழுத்துப் பிடித்து வைக்கிறது. இல்லை, உண்மையான குற்றவாளி ஹைட்ரஜன்தான், அது முனைக்கு முன்னால் உலோகத்துக்குள் புகுந்து பலவீனப்படுத்துகிறது என்று சொல்லும் அணியும் உண்டு. இந்தச் சண்டை பல பத்தாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்று தோன்றுகிறது. அறிக்கை தீர்ப்புச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அது சோதனை எண்களைப் பார்த்துச் சூத்திரம் பொருத்துகிறது.

அந்தச் சூத்திரத்துக்கு முன்னோடி ஜப்பான். ஹிகுச்சியும் இடாவும் 1991ல் முன்வைத்த யோசனை அது. காற்றில் கிடைக்கும் ஆயுளை நீரில் கிடைக்கும் ஆயுளால் வகுத்தால் வருவது நீர்க் காரணி. கந்தகம், வெப்பநிலை, ஆக்சிஜன், திரிபு வேகம் என்ற நாலையும் கொடுத்தால் காரணி வந்துவிடும். 2007 பதிப்பின் சூத்திரத்தில் நானே சில கணக்குகள் போட்டுப் பார்த்தேன். பழைய எஃகு, கந்தகம் 0.015 சதவீதம். கொதிநீர் உலையின் 288 டிகிரி. நீரில் ஆக்சிஜன் 0.2 பி.பி.எம்., அந்த உலைகளில் சாதாரணமாக இருந்த அளவு. இழுப்பு மிக மெது. விடை 20.6.

அதாவது விதிநூலின் மொத்த 20ஐயும் தண்ணீர் ஒன்றே தின்றுவிடும். சிதறலுக்கும் அளவுக்கும் சொரசொரப்புக்கும் மிச்சம் ஒன்றும் இல்லை.

அதே கணக்கில் கந்தகத்தை 0.005ஆகக் குறைத்தால் 4.4. பழைய எஃகையே வைத்துக்கொண்டு வெப்பநிலையை 200 டிகிரியாக்கினால் 4.7. அழுத்தநீர் உலையில் ஹைட்ரஜன் கரைத்து ஆக்சிஜனைத் துரத்திவிடுவார்கள். அங்கே விடை சுமார் 2. இத்தனை வித்தியாசத்தையும் ஒற்றை எண்ணுக்குள் அடக்க முடியாது என்று காட்டியதுதான் அறிக்கையின் பெரிய சாதனை. அந்த 2 மட்டும் எனக்கு அப்போதே உறுத்தியது. 150 டிகிரிக்குக் கீழே, ஆக்சிஜனே இல்லாமல், வேகமாக இழுத்தாலும் 2007 சூத்திரம் 2 என்றே சொல்லும். நீர் ஒன்றுமே செய்யாத இடத்திலும் அபராதம்! 2018 பதிப்பில் இதைச் சரிசெய்து, வேகமான இழுப்புக்குக் காரணி 1க்குப் பக்கத்தில் வரும்படி மாற்றிவிட்டார்கள். பத்து வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது.

என் முக்கியமான ஆட்சேபம் வேறிடத்தில். அறிக்கை நீர்க் காரணியைக் கொண்டுவந்த அதே மூச்சில், 20ஐ 12 என்று குறைக்கிறது. குறைத்த முறையில் தவறில்லை. சிதறல் 2.1 முதல் 2.8, அளவு 1.2 முதல் 1.4, மேற்பரப்பு 2 முதல் 3.5, சுமை வரும் வரிசை 1.2 முதல் 2 என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் குறைந்தபட்சமாக வந்தால் 6, எல்லாம் அதிகபட்சமாக வந்தால் 27. எல்லாமே ஒரே நேரத்தில் மோசமாக வராது என்று புள்ளியியல் முறையில் காட்டி 12 போதும் என்கிறார்கள். ஆனால் இந்தக் காரணிகளும் நீர்க் காரணியும் ஒன்றையொன்று தொடாதவை போலப் பெருக்கப்படுகின்றன. அறிக்கையிலேயே இருக்கும் ஒரு சோதனை இதற்கு எதிராகப் பேசுகிறது. இந்த வகை எஃகில் காற்றில் சொரசொரப்பான துண்டு சீக்கிரம் உடைகிறது. ஆக்சிஜன் உள்ள சூடான நீரில் சொரசொரப்பான துண்டும் வழவழப்பான துண்டும் ஏறக்குறைய ஒரே ஆயுள். நீரே மேற்பரப்பைக் குழிகுழியாக ஆக்கிவிடும்போது அரத்தால் போட்ட கீறல் எதைப் புதிதாகச் சேர்க்கும்? ஆக, சில இடங்களில் இரட்டை வசூல். ஆய்வகக் கொப்பரையில் நீர் கிட்டத்தட்ட நிற்கிறது, உலையில் பாய்கிறது. பாயும் நீர் கெட்டுப்போன துளியைக் கழுவிவிடுவதால் ஆயுள் கூடுகிறது என்று சோதனைகள் உண்டு. அறிக்கை அதைக் குறிப்பிடுகிறது, சூத்திரத்தில் சேர்க்கவில்லை.

இதெல்லாம் அறிக்கை கூடுதல் கறார் என்ற பக்கம். மறுபக்கமும் இருக்கிறது. உலையைத் தொடங்கும் நேரத்தில்தான் திரிபு அதிகம். கொதிநீர் உலையில் அந்த நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜனும் அதிகம். வருடம் முழுவதும் ஓடிய சராசரி ஆக்சிஜனைச் சூத்திரத்தில் போட்டால், யாரும் கதவைத் திறக்காத நேரத்தில் வாசலைக் காவல் காத்த கதைதான்.

தொழில்துறையின் பதில் எப்போதும் ஒன்றுதான்: 'இத்தனை வருஷம் ஓடுது, எது உடைஞ்சுது?' இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. கலனின் உள்சுவரில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெல்டிங்காகப் பூசியிருப்பார்கள். கிளாடிங் என்று பெயர். அது முழுசாக இருக்கும்வரை கலனின் எஃகு நீரைப் பார்ப்பதே இல்லை. ஆய்வகத்தில் 'உடைந்தது' என்று எழுதுவதும் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழ விரிசலைத்தான். 200 மில்லிமீட்டர் கனச் சுவரில் அது உடைப்பு அல்ல. இடையில் ஒன்று: நியூட்ரான் பட்டு எஃகு நொறுங்குதன்மை அடைவதும், டேவிஸ்-பெஸ் உலையில் 2002ல் கண்டுபிடித்த போரிக் அமிலக் குழியும், பெல்ஜியத்தின் தோல் 3 கலனில் 2012ல் தெரிந்த ஹைட்ரஜன் செதில்களும் வேறு வேறு நோய்கள். எல்லாவற்றையும் சேர்த்து 'கலன் விரிசல்' என்று எழுதும் பழக்கம் எந்த விவாதத்துக்கும் உதவாது.

ஆனால் 'எது உடைந்தது' என்ற கேள்விக்கு 1970களிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்கக் கொதிநீர் உலைகளில், ஊட்டுநீர்க் குழாய் கலனுக்குள் நுழையும் நாசில்களில் வரிசையாக விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நாசில் என்பது கலன் சுவரில் குழாய் சேரும் வாய். கலனின் ஒரு பகுதியேதான். உள்ளே வரும் நீர் உலை நீரைவிடக் குளிர்ச்சி. நாசிலுக்குள் ஒரு வெப்பக் கவச உறை வைத்திருந்தார்கள். அது இறுக்கமாகப் பொருந்தவில்லை. இடுக்கில் கசிந்த குளிர்நீர் சூடான நீரோடு கலந்து கலந்து, சுவரைச் சூடாக்கிக் குளிராக்கி வேகமாக அலைக்கழித்தது. அந்த அலைச்சல் கிளாடிங்கில் மெல்லிய விரிசல்களைத் தொடங்கிவைத்தது. அதற்குப் பிறகு, ஒவ்வொரு முறை உலையைத் தொடங்கி நிறுத்தும்போதும் வரும் பெரிய, மெதுவான தகைவு அவற்றைக் கலனின் எஃகுக்குள் தள்ளியது. கிளாடிங்கும் இதற்குத் துணைபோனது: ஸ்டெயின்லெஸ் அதிகம் விரியும், வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும், எனவே மேற்பரப்பில் தகைவு கூடும். ஆணையம் 1980ல் நூரெக்-0619 என்ற ஆவணத்தில் சொன்ன தீர்வுகளில், புதிய உறை வடிவமைப்போடு, நாசிலின் உள்ளேயிருந்த அந்தக் கிளாடிங்கைச் சுரண்டி எடுப்பதும் ஒன்று. காவலுக்கு வைத்ததையே கழற்றினார்கள்.

1979 மே மாதம் டி.சி. குக் 2 உலையில் நீராவி உற்பத்திக் கலனுக்குப் போகும் ஊட்டுநீர்க் குழாய் கசிந்தது. படுக்கைவாட்டக் குழாயில் குளிர்நீர் அடியிலும் சூடான நீர் மேலேயும் அடுக்காக நின்று குழாயை வளைத்திருந்தது. தேடிப் பார்த்தபோது வேறு உலைகளிலும் அதே இடத்தில் விரிசல். 1987ல் ஃபார்லி 2, 1988ல் தியாஞ்ச் 1. அங்கே கசியும் வால்வு வழியாக வந்த குளிர்நீர்.

இந்தச் சம்பவங்களை ஒரே வரிசையில் வைத்தால் எனக்குப் பட்டது இது: எந்த இடத்திலும் வடிவமைப்புக் கணக்கு விரிசலை முன்கூட்டிச் சொல்லவில்லை. நீர்க் காரணியைச் சேர்த்திருந்தாலும் சொல்லியிருக்காது. ஏனென்றால் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? 40 வருடத்தில் இத்தனை தொடக்கம், இத்தனை நிறுத்தம், இத்தனை திடீர் நிறுத்தம் என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றும் ஆயுளில் எத்தனை பங்கைத் தின்கிறது என்று கூட்டி, மொத்தம் 1க்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்குப் பயன்பாட்டுக் காரணி என்று பெயர். விரிசலை உண்டாக்கிய கசிவும் நீர் அடுக்கும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பட்டியலில் இல்லாததை 20ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான். சோப்ராவும் ஷாக்கும் எஃகைப் பற்றிய பாதியை மிகக் கவனமாகத் திருத்தினார்கள். சுமையைப் பற்றிய பாதி அவர்கள் வேலை அல்ல. ஆனால் அவர்கள் சூத்திரத்தை வாங்கியவர்கள் அதையும் சேர்த்துத் திருத்தியாகிவிட்டது போல நடந்துகொள்கிறார்கள்.

ஒழுங்குமுறைப் பக்கம் நடந்தது இன்னும் விசித்திரம். 1999 டிசம்பரில் ஆணையம், பொதுப் பாதுகாப்புப் பிரச்சினை 190 என்று பெயரிட்டிருந்த இந்தக் கேள்வியை முடித்துவைத்தது. உலை மையம் உருகும் அபாயம் இதனால் பெரிதாகக் கூடாது. எனவே 40 வருட உரிமத்தில் ஓடும் உலைகள் எதுவும் செய்ய வேண்டாம். கசிவுகள் கூட வாய்ப்பிருப்பதால், 60 வருடத்துக்கு நீட்டிக்கக் கேட்பவர்கள் மட்டும் நீரின் விளைவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அபாயக் கணக்கின்படி இதற்கு நியாயம் கற்பிக்கலாம். எஃகின் கண்ணால் பார்த்தால் முடியாது. முப்பதாவது வருடத்து நீரும் நாற்பத்தோராவது வருடத்து நீரும் ஒரே நீர்.

அந்த நீட்டிப்புக் கணக்கு நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதற்கு வெர்மாண்ட் யாங்கி நல்ல உதாரணம். கொதிநீர் உலை, 2006ல் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தது. நீர்க் காரணியால் பெருக்கியதும் சில இடங்கள் 1ஐத் தாண்டின. மறுகணக்கு போட்டு 1க்குக் கீழே கொண்டுவந்தார்கள். மறுகணக்கில் ஆறு தகைவுக் கூறுகளுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் வைத்துச் சுருக்கிய முறை பயன்பட்டது. நியூ இங்கிலாந்து கூட்டமைப்பு என்ற குடிமக்கள் அமைப்பு எதிர்த்து வாதாடியது. 2008 நவம்பரில் உரிம வாரியம், முழு முறையில் சரிபார்த்த ஊட்டுநீர் நாசில் கணக்கை ஏற்றுக்கொண்டு, மற்ற இரண்டு வகை நாசில்களுக்கும் அதே போல முழுக் கணக்கு வேண்டும் என்றது. அடுத்த மாதமே ஆணையம் அந்தச் சுருக்கு முறையைப் பற்றி எல்லா உலைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2011 மார்ச்சில் நீட்டிப்பு கிடைத்தது. 2014 டிசம்பரில் லாபம் கட்டுப்படியாகாமல் உலை மூடப்பட்டது.

1ஐத் தாண்டிய கணக்கைத் திரும்பப் போடுவது குற்றமில்லை. முதல் கணக்கில் வேண்டுமென்றே மிகைப்படுத்திய ஊகங்கள் இருக்கும், அவற்றைக் குறைக்கலாம். ஆனால் 1க்கு மேலே வந்தால் திரும்பப் போடுகிறோம். கீழே வந்தால் போடுவதில்லை. கந்தகம் கொஞ்சம் மாறினால் 20 என்பது 4 ஆகும் சூத்திரத்தில், 288லிருந்து 100க்கு இறங்கும் ஒரு குளிர்விப்புக்கு எந்த வெப்பநிலையைப் போடுவது என்ற ஒரே தேர்வு விடையை மடங்குகளில் மாற்றிவிடும். அப்படிப்பட்ட விடை 1க்கு மேலா கீழா என்பதற்கு இவ்வளவு பாரம் ஏற்றியிருப்பதுதான் எனக்கு ஒட்டவில்லை.

இப்போது பேச்சு 80 வருடத்துக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் முதல் அனுமதி 2019ல், டர்க்கி பாயிண்ட் உலைகளுக்கு. கணக்கு 1ஐத் தாண்டினால் பாகத்தை மாற்றலாம், அல்லது குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்துக்கொண்டே ஓட்டலாம் என்று விதிகளில் வழி இருக்கிறது. எனக்கு அந்தச் சோதிக்கும் வழிதான் பிடித்தது, இருந்தும் விண்ணப்பங்களில் அது கடைசிப் புகலிடமாகவே வருகிறது. 1970களின் நாசில் விரிசல்களைக் காட்டியது சாயம் தடவித் துடைத்துப் பார்க்கும் சோதனை. இந்த மாதிரி விண்ணப்பம் ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது பயன்பாட்டுக் காரணி அட்டவணையை அல்ல. நாசில் சுவரின் வெப்பநிலையை யாராவது அளந்திருக்கிறார்களா, எந்த வால்வு எத்தனை நாள் கசிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்பதைத்தான்.